குறுக்கும் நெடுக்கும்

நூற்றுப் பதினேழாவது உறை.
கிழித்ததும் மரிலூ கேட்டாள்: என்ன வந்திருக்கு?
நெடுக்கு என்றேன்.
முகக்கவசத்துக்குள் அவள் உதடு பிதுங்கியது.
இந்தத் தண்டர் பே ஆஸ்பத்திரியில்
எல்லாருக்கும் தெரியும்
நான் குறுக்குக் கட்சி.

ஆராய்ச்சி கையின் விருப்பத்தைக் கேட்காது.
எந்தக் கழுத்துக்கு எந்த வெட்டு என்று
ஒட்டாவாவில் ஒரு கணினி
போன வருடமே காசு சுண்டி முடித்துவிட்டது.

குறுக்கில் வைத்தால்
இரண்டு கறுப்பு வட்டம்.
அழுத்தினால் நசுங்குவது சிரை.
அழுத்தினாலும்
முறைத்துக்கொண்டு துடிப்பது தமனி.
இரண்டும் ஒரே படத்தில்,
ஒரு சுவரைப் பங்குபோட்ட வீடுகளாக.
ஊசி மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி.
அது நுனியா, இடுப்பா?
புள்ளி சொல்லாது.
நுனி பின்சுவரைத் தாண்டிப் போயிருக்க
நான் இடுப்பைப் பார்த்து
நிம்மதியாக இருந்திருக்கிறேன்,
ஒரு முறை.

நெடுக்கில் வைத்தால்
சிரை ஒரு வாய்க்கால்.
ஊசி நுனிமுதல் அடிவரை
வெயிலில் கிடக்கும் தண்டவாளம்.
யோகசிங்கம் இதற்கு அடிமை.
பார்த்துக்கொண்டே போகலாமே என்பான்.
அவன் சொல்லாமல் விடுவது:
பக்கத்து வீடு படத்தில் இல்லை.
மணிக்கட்டு மயிரிழை சாய்ந்தால்
வாய்க்காலே வேறு வாய்க்கால்,
திரையில் அதே அழகு.

எயினோ லாஹ்டினென், எழுபத்தொன்று.
முப்பது வருடம் தானியக் கிடங்கில்
கோதுமைத் தூசி குடித்த நுரையீரல்.
ரத்த அழுத்தம் எழுபதுக்கு முப்பத்தெட்டு.
கைநரம்பு வழியாக இனி இந்த மருந்தை ஓட்ட முடியாது.
தாடைக்கும் காறை எலும்புக்கும் நடுவே
கழுத்தென்று நான்கு விரல்.
அதில் நெடுக்காக ப்ரோப் வைப்பது
தீப்பெட்டியில் ஸ்கேல் வைப்பது.

கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தினோம்.
குளிர்ந்த ஜெல்லுக்கு அவர்
மயக்கத்திலும் பின்னிஷில் ஏதோ திட்டினார்.
சன்னலுக்கு வெளியே முப்பத்தொரு பாகை உறைபனி.

ஊசி தெரிந்தது.
முழுதாக, வெள்ளையாக, நேராக.
யோகசிங்கம் இருந்தால் கைதட்டியிருப்பான்.
இன்னும் இரண்டு மில்லிமீட்டர்.
அப்போது வாய்க்காலின் கரை
லேசாக அசைந்தது.

மூச்சின் அசைவா, துடிப்பா?
நிறுத்தினேன்.
மரிலூ மானிட்டரைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தாள்.

ப்ரோப்பைத் தொண்ணூறு பாகை திருப்பினேன்.
இரண்டு வட்டம்.
என் வெள்ளைப் புள்ளி
துடிக்கும் வீட்டு வாசலில் நின்றது.

பின்வாங்கினேன். குறுக்கிலேயே போனேன்.
கறுத்த ரத்தம், சோம்பலாக,
துள்ளாமல் வந்தது.
ஊசி இடம் கொடுத்தால்தான் நூல் நுழையும்.
ஊரில் இதைச் சொல்லும் அர்த்தத்துக்கு
நான் பலரோடு சண்டை போட்டிருக்கிறேன்.
இங்கே அதற்கு வேறு வேலை:
அறுபது சென்டிமீட்டர் கம்பி
ஊசியின் வயிற்றில் புகுந்து
இதயத்தின் வாசல்வரை வழுக்கியது.
மறுபடி நெடுக்கில் திருப்பிப் பார்த்தேன்.
கம்பி சிரைக்குள் பளிச்சென்று கிடந்தது.
அதற்கு நெடுக்குதான் நல்லது,
ஒத்துக்கொள்கிறேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
நுட்பம் மாற்றப்பட்டதா?
ஆம் என்று குறித்தேன்.
குத்தியது இரண்டு முறை.
நானூற்றுப் பன்னிரண்டு விநாடி.
ஆனாலும் கணக்கில் அவர்
நெடுக்குக் குழுவில்தான் இருப்பார்.
உறை சொன்னது சொன்னதுதான்.
நான் நின்ற அந்த மூச்சுக்கு
கட்டம் இல்லை.

வெளியே அவர் மகள் கைசா
பனி ஒட்டிய பூட்ஸோடு
குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.
சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள்.
அப்பாவுக்கு எது விழுந்தது?
இரண்டும் என்றேன்.
எது நல்லது?

இன்னும் அறுபத்துமூன்று உறை
மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றேன்.
அது பதிலில்லை என்றாள்.
சரிதான்.